உயிருள்ள சிப்பியை வாங்குவது, வைப்பது, திறப்பது, பரிமாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்ஸ்டர் என்ற பெயரில் ஓட்டோடும் உயிரோடும் விற்கப்படும் கடல் சிப்பியை வாங்கி வீட்டிலேயே திறந்து சாப்பிட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. படிக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கி வருவது இன்னும் உயிரோடு இருக்கும் பிராணி, அதனால் அதைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் பாதி வேலை. அது உயிரோடு இருப்பதாலேயே கிருமி இல்லாதது என்று ஆகிவிடாது, இது இரண்டாவது.

உயிரோடுதான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் விரலாலோ இன்னொரு சிப்பியாலோ தட்டிப் பாருங்கள், உயிர் இருந்தால் மூடிக்கொள்ளும். தட்டியும் மூடவில்லை என்றால் வேண்டாம். கையில் எடுத்தால் அதன் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே கடல் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அது கரையில் உயிர் வாழ்கிறது. எடை குறைவாகத் தெரிந்து, இரண்டைத் தட்டும்போது வெற்று ஓடு போலச் சத்தம் வந்தால் நீர் வடிந்துவிட்டது என்று அர்த்தம். வாசனை கடற்கரைக் காற்று போல இருக்கலாம், அழுகல் நாற்றமோ கந்தக நாற்றமோ வரக் கூடாது. ஓடு உடைந்தும் விரிசல் விட்டும் இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஓரத்தில் லேசாகச் சில்லு பெயர்ந்திருப்பது பரவாயில்லை, உள்ளே ஓட்டை விழாமல் இருந்தால் போதும்.

கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் கடலிலிருந்து எடுத்தது, இந்த இரண்டையும் கேளுங்கள். முறையாக விற்கப்படும் சிப்பி மூட்டையில் ஒரு சீட்டு இருக்கும். எடுத்த இடம், அனுப்பியவர் விவரம், தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். கேட்டால் காட்டுவார்கள். காட்டத் தயங்குகிற கடையில் பச்சையாகச் சாப்பிடுவதற்கு வாங்காதீர்கள், இதில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்காவில் இந்தச் சீட்டை மூட்டை காலியான பிறகும் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அசுத்தமான நீரில் வளர்ந்த சிப்பி மூலம் வரக்கூடிய ஹெபடைடிஸ் ஏ தெரியவே 15 முதல் 50 நாள் ஆகலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த விதி எதற்கு என்று புரியும்.

கடையில் சிப்பி எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். உருகிய ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

நானே கடற்கரையில் பாறையிலிருந்து பெயர்த்து எடுத்தால்?

அந்தப் பகுதியின் நீர் சோதிக்கப்பட்டு, சிப்பி எடுக்க அனுமதி இருந்தால் தவிர வேண்டாம். சிப்பி நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. நன்கு வளர்ந்த ஒன்று, சூழல் சாதகமாக இருந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று சொல்வார்கள். நீரில் சாக்கடை கலந்தால் அதுவும் உள்ளே போகும். சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் சாக்ஸிடாக்ஸின் என்ற நச்சு சிப்பியில் சேரும், நரம்பைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது அது. வேகவைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. கண்ணுக்கும் நாக்குக்கும் எதுவும் தெரியாது. தெளிவான நீர் என்பது பாதுகாப்பான நீர் அல்ல.

பெரியதா, சின்னதா? எந்த வகை?

முதல் தடவை என்றால் சின்னதாக வாங்குங்கள். ஒரே வாயில் அடங்கும், வழவழப்பைக் கண்டு மிரள மாட்டீர்கள். பெரியவற்றை வேகவைக்கவோ சுடவோ வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் அதிகம் வளர்க்கப்படுவது பசிபிக் சிப்பி, அதில் வெள்ளரியையும் முலாம்பழத்தையும் நினைவூட்டும் ஒரு மணம் இருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரை சிப்பி உப்பு தூக்கலாகவும் சுவை நேரடியாகவும் இருக்கும். ஐரோப்பாவின் தட்டைச் சிப்பியில் உலோகச் சாயல் அதிகம், பழகியவர்களுக்கு அது உயிர், புதியவர்களுக்குப் பெரும்பாலும் பிடிக்காது. குமமோட்டோ என்ற சின்ன வகை இனிப்பாக இருக்கும், தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். வகையைவிட வளர்ந்த இடம் சுவையை அதிகமாக மாற்றும். ஆறு கலக்கும் முகத்துவாரத்தில் வளர்ந்ததில் உப்பு குறையும், திறந்த கடலை ஒட்டி வளர்ந்ததில் கூடும்.

ஆளுக்கு எத்தனை வாங்குவது?

மற்ற சாப்பாடு இருந்தால் ஆளுக்கு 6, சிப்பியே சாப்பாடு என்றால் 12. திறக்கும்போது ஒன்றிரண்டு செத்தவை தென்படலாம், அதனால் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி சாப்பிடக் கூடாது என்கிறார்களே?

பூமியின் வட பாதியில் பிறந்த பழைய விதி இது, தென் பாதிக்கு மாதங்களே பொருந்தாது. இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் உண்டு. கோடையில் சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது சதை பால் போல வெளுத்து மெத்தென்று ஆகிவிடும், முட்டையிட்டு முடித்ததும் மெலிந்து நீர்த்துப்போகும். அது சுவைக் குறைவுதான், ஆபத்து இல்லை. இப்போது மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட டிரிப்ளாய்டு சிப்பிகளை வளர்க்கிறார்கள், அவை பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால் கோடையிலும் சதைப்பற்றோடு இருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் செல்லுபடியாகிறது. விப்ரியோ என்ற பாக்டீரியா குடும்பம் வெதுவெதுப்பான கடல் நீரில்தான் பெருகும். ஆகவே மாதத்தைப் பார்க்காதீர்கள், நீரின் சூட்டைப் பாருங்கள். வெப்பமான காலத்தில் எடுத்த சிப்பியைச் சமைத்துச் சாப்பிடுவது என் வழக்கம், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது? பார்சலில் வந்தால்?

ஐஸ் பேக் போட்ட பெட்டியில், மேலே ஈரத் துணி போட்டு, பெட்டியை முழுக்க அடைக்காமல் நேராக வீட்டுக்கு. காரில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். பார்சல் வந்ததும் உடனே பிரித்துப் பாருங்கள், ஐஸ் பேக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சிப்பி தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினால் விற்றவரைக் கூப்பிடுங்கள். வெதுவெதுப்பாக வந்தது உயிரோடு இருந்தாலும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் எப்படி வைப்பது?

அகலமான தட்டிலோ பாத்திரத்திலோ ஒரே அடுக்காக, குழிந்த ஓடு கீழே, தட்டையான ஓடு மேலே இருக்கும்படி அடுக்குங்கள். இப்படி வைத்தால் உள்ளிருக்கும் நீர் வழியாது, அந்த நீர் இருக்கும் வரைதான் சிப்பி தாக்குப்பிடிக்கும். மேலே நனைத்துப் பிழிந்த துணியைப் போர்த்துங்கள், துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள். 1 முதல் 4 டிகிரி வரை இருக்கும் இடம் வேண்டும், அது பெரும்பாலும் கீழ்த் தட்டில் உட்புறமாக இருக்கும், கதவில் இருக்காது. சமைத்த உணவுக்குக் கீழே வையுங்கள், மேலே வேண்டாம். சிப்பியிலிருந்து சொட்டும் நீர் வேறெதிலும் படக் கூடாது.

காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். மூச்சு முட்டிச் செத்துப்போகும். தட்டைச் சிப்பி வகை மற்றவை அளவுக்கு இறுக மூடாது, அதை வாங்கினால் மேலே கனமான தட்டு ஒன்றை வைத்து அழுத்தி வையுங்கள், முதல் இரண்டு நாளிலேயே சாப்பிட்டும் விடுங்கள்.

தண்ணீரில் போட்டு வைத்தால் இன்னும் நல்லாயிருக்குமே?

இருக்காது. குழாய்த் தண்ணீரில் உப்பு இல்லை, சிப்பியின் உடல் திரவம் கடல் நீர் அளவுக்கு உப்பானது. நல்ல தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே ஏறி செத்துவிடும். சரி, உப்புக் கரைத்த தண்ணீரில் போடலாமா என்று கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிறு பாத்திரத்து நீரிலுள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும், கழிவும் சேரும், ஒன்று செத்தால் மற்றவையும் அந்த நீரைத்தான் வடிகட்டும். வேண்டாம். ஐஸ் மேல் வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால், உருகும் நீர் கீழே வடியும்படி துளைத் தட்டில் வைத்து, சிப்பிக்கும் ஐஸுக்கும் நடுவே துணி போடுங்கள்.

வாங்கி வந்ததும் கழுவி அடுக்கவும் தேவையில்லை. திறப்பதற்கு முன்தான் கழுவ வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்?

எடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள், வாங்கிய தேதியிலிருந்து அல்ல. குளிர்காலத்துச் சிப்பி நல்ல குளிரில் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருக்கிற கடைசி நாள் வரை காத்திருப்பதில் என்ன லாபம்? சாப்பாடு இல்லாமல், தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டுதான் அது உள்ளே கிடக்கிறது, நாள் போகப் போக இனிப்பு குறையும். பச்சையாகச் சாப்பிட என்றால் வாங்கிய இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் ஆனால் சமையலுக்கு.

ஃப்ரிட்ஜில் வாய் திறந்து கிடக்கிறது, செத்துவிட்டதா?

உடனே தூக்கி எறியாதீர்கள். குளிரில் சிப்பி மந்தமாக இருக்கும். தட்டிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துப் பாருங்கள், மெல்ல மூடினால் உயிர் இருக்கிறது, அதை முதலில் சாப்பிடுங்கள். மூடவே இல்லை என்றால் குப்பைக்கு. சமைத்தால் சரியாகிவிடும் என்று செத்ததைச் சட்டியில் போடக் கூடாது.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஓட்டோடு வைத்தால் செத்துவிடும். சதையை எடுத்து அதன் நீரோடு டப்பாவில் உறைய வைக்கலாம், சூப்புக்கும் வறுவலுக்கும் ஆகும், பச்சையாகச் சாப்பிட ஆகாது. உறைதல் கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம்.

பச்சையாகச் சாப்பிடுவது பாதுகாப்பா? நேராகச் சொல்லுங்கள்.

முழுப் பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆரோக்கியமாக இருப்பவர், குளிர்ந்த நீரில் வளர்ந்து, சரியான குளிரில் வந்து சேர்ந்த சிப்பியைச் சாப்பிட்டால் அபாயம் குறைவு, பூஜ்யம் இல்லை. நோரோவைரஸ் வந்தால் ஓரிரண்டு நாள் வாந்தியும் பேதியும் படுத்தும். விப்ரியோ வல்னிஃபிகஸ் வேறு ரகம். அரிதுதான், ஆனால் அந்தத் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் நோய் தொடங்கிய ஓரிரு நாளிலேயே. இந்தக் கிருமி இருக்கிற சிப்பி பார்வையிலும் மணத்திலும் சுவையிலும் மற்றதைப் போலவேதான் இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன சோதனைகள் எல்லாம் உயிரைச் சோதிப்பவை, கிருமியைச் சோதிப்பவை அல்ல.

அதனால் இவர்களுக்குப் பச்சைச் சிப்பி கொடுக்கவே கூடாது: கல்லீரல் நோய் உள்ளவர்கள் (குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர்களும் சேர்த்து), சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், தலசீமியா அல்லது உடலில் இரும்பு அதிகம் சேரும் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், முதியவர்கள். விருந்துக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கல்லீரல் நோய் இருப்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல யாருக்கும் மனம் வராது, அதனால் தனியாகக் கேளுங்கள், அல்லது சமைத்த சிப்பியையும் பச்சைச் சிப்பியையும் இரண்டு தட்டாக வைத்துவிடுங்கள், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுடலிகள் ஒவ்வாதவர்கள் எந்த வடிவத்திலும் தொட வேண்டாம்.

எலுமிச்சை பிழிந்தால், காரச் சாஸ் ஊற்றினால், கூட மது குடித்தால் கிருமி செத்துவிடாதா?

சாகாது. மூன்றும் சாகடிக்காது.

சுத்திகரிக்கப்பட்ட சிப்பி என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

புற ஊதாக் கதிரால் சுத்தப்படுத்திய கடல் நீர்த் தொட்டியில் சிப்பியை வைத்திருப்பார்கள், பிரிட்டனில் வழக்கமாக 42 மணி நேரம். சுத்தமான நீரை வடிகட்டி வடிகட்டி அது தன் குடலைக் காலி செய்துவிடும். சாக்கடையிலிருந்து வரும் ஈ. கோலி போன்ற பாக்டீரியாவுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. நோரோவைரஸும் விப்ரியோவும் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்களுக்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது.

கையை வெட்டிக்கொள்ளாமல் திறப்பது எப்படி?

சமையல் கத்தி வேண்டாம். மெல்லிய கூர்மையான கத்தி வழுக்கும், அல்லது முனை உடையும். சிப்பி திறப்பதற்கென்றே குட்டையான, தடிப்பான, மழுங்கிய கத்தி கிடைக்கும், அதை வாங்குங்கள். சிப்பியைப் பிடிக்கும் கைக்குக் கனமான கையுறையோ பல மடிப்பாக மடித்த துணியோ அவசியம். கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரையாவது திறக்கச் சொல்லுங்கள், விப்ரியோ காயம் வழியாகவும் உள்ளே போகும்.

ஓடும் குளிர்ந்த நீரில், விறைப்பான பிரஷால் ஓட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். குறிப்பாக, இரண்டு ஓடும் இணையும் கூர்முனையில் சேறு தங்கியிருக்கும். அந்த இணைப்புதான் கீல். குழிந்த ஓடு கீழே இருக்க, சிப்பியை மேஜை மேல் துணியில் அழுத்தி வைத்து, கீலில் கத்தி முனையைச் செருகுங்கள். இடிக்காதீர்கள், குத்தாதீர்கள். முனை பிடிப்பு கிடைக்கும் வரை லேசாக அசைத்து அசைத்து உள்ளே விட்டு, பிறகு பூட்டில் சாவியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். பலம் தேவைப்படுகிறது என்றால் கத்தி சரியான இடத்தில் இல்லை, எடுத்துவிட்டு இடம் மாற்றுங்கள். கை கிழிவதெல்லாம் இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான்.

கத்தியைத் துடைத்துவிட்டு, மேல் ஓட்டின் உட்புறத்தை ஒட்டியபடியே கத்தியை நகர்த்துங்கள். இரண்டு ஓட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தசை ஒன்று பக்கவாட்டில் இருக்கும், அது அறுந்ததும் மேல் ஓடு கழன்று வரும். ஓட்டை ஒட்டாமல் கத்தியைத் தாழ்த்தினால் சதை கிழியும், வயிறு கிழிந்த சிப்பி பார்க்கவே பாவமாக இருக்கும். இப்போது கீழ் ஓட்டிலும் அதே தசையை அடியில் அறுத்து, சதையைத் தனியாக்குங்கள். ஓட்டுத் துகள் இருந்தால் கத்தி முனையால் எடுங்கள், குழாயில் காட்டிக் கழுவிவிடாதீர்கள், சுவையே அந்த நீரில்தான் இருக்கிறது.

திறந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். சதை பளபளவென்று, ஓடு நிறைய, நீரோடு இருக்க வேண்டும். காய்ந்து சுருங்கியது, நாறுவது இரண்டும் குப்பைக்கு. சந்தேகம் வந்தாலும் குப்பைக்குத்தான்.

உள்ளே ஏதோ விசித்திரமாக இருக்கிறதே?

பயப்பட வேண்டாதவையே அதிகம். ஓட்டின் உட்சுவரில் கருப்பாக ஒரு கொப்புளம் இருந்தால், ஓட்டைத் துளைத்து வரும் ஒரு புழுவைச் சிப்பி தன் சுண்ணாம்பால் மூடிய இடம் அது. குத்தாதீர்கள், குத்தினால் நாறும் சேறு வெளியே வந்து சதையைக் கெடுக்கும். பட்டாணி அளவு நண்டு ஒன்று உட்கார்ந்திருக்கலாம், சிப்பிக்குள்ளேயே குடியிருக்கும் வகை அது, தின்னவும் செய்யலாம். செவுள் பச்சை நிறத்தில் இருந்தால் அது தின்ற ஒரு நுண்பாசியின் நிறம். பிரான்ஸின் மாரென் ஒலெரோன் பகுதியில் இந்த நிறத்துக்காகவே தனியாக வளர்க்கிறார்கள். பால் போல வெள்ளை திரவம் வந்தால் இனப்பெருக்கக் காலம். முத்து? வரலாம், ஆனால் நகைக்கு ஆகும் முத்து வேறொரு சிப்பிக் குடும்பத்திலிருந்து வருவது, இதில் கிடைப்பது மங்கலான சின்னக் கல்தான். பல் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பரிமாறுவது?

சாப்பிடுவதற்குச் சற்று முன்தான் திறக்க வேண்டும், காலையில் திறந்து மாலைக்கு வைப்பதெல்லாம் சிப்பிக்குச் செய்யும் அநியாயம். பெரிய தட்டில் நொறுக்கிய ஐஸையோ கல் உப்பையோ பரப்பி, ஓடு சாயாமல் அதில் பதியுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயிலில் என்றால் ஒரு மணி நேரம்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்? எலுமிச்சைத் துண்டு போதும். வினிகரில் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு மிளகு தட்டிச் சேர்க்கும் மின்யோனெட்டும் நன்றாக இருக்கும், அரை ஸ்பூனுக்கு மேல் ஊற்றினால் வினிகர்தான் தெரியும். முதல் சிப்பியை எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். நீர் ரொம்ப உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், சதையிலிருந்து மறுபடி ஊறும், அது இன்னும் மென்மையாக இருக்கும்.

மெல்ல வேண்டுமா, விழுங்க வேண்டுமா?

மெல்லுங்கள்! விழுங்கினால் உப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. இரண்டு மூன்று முறை கடித்தால்தான் இனிப்பு வெளியே வரும்.

சமைப்பது என்றால் எவ்வளவு நேரம்?

சமைத்த சிப்பி இரண்டாம் தரம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஓட்டோடு கொதிக்கும் நீரில் போட்டால், வாய் திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். ஆவியில் என்றால், தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு வைத்து 4 முதல் 9 நிமிடம். ஓடு நீக்கிய சதையைக் கொதிநீரில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 190 டிகிரி எண்ணெயில் குறைந்தது 3 நிமிடம். ஓவனில் 230 டிகிரியில் 10 நிமிடம். நெருக்கி அடைக்காதீர்கள், நடுவில் இருப்பது வேகாது. வாய் திறக்காதவற்றை எறிந்துவிடுங்கள். வாய் திறந்தவுடனே எடுத்துவிட்டால் விப்ரியோ செத்ததா என்பதே சந்தேகம், நோரோவைரஸ் அதைவிடப் பிடிவாதமானது. 63 டிகிரி வரை தாங்கக்கூடியது. உடம்பு பலவீனமானவர்களுக்குச் சமைக்கும்போது சதையின் நடுப்பகுதி 90 டிகிரியில் 90 விநாடி இருக்கும்படி வேகவிடுங்கள், கொஞ்சம் இறுகினால் இறுகட்டும்.

மிச்சத்தை என்ன செய்வது?

திறக்காதவை உயிரோடு இருந்தால் ஈரத் துணியின் கீழே திரும்ப வைக்கலாம், மேஜையில் மணிக்கணக்கில் கிடந்தவை என்றால் அன்றே சமைத்துவிடுங்கள். திறந்து மேஜையில் இருந்த பச்சைச் சிப்பியை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சமைத்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிடலாம்.

சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லை என்றால்?

வாந்தி பேதி 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நோரோவைரஸாக இருக்கலாம், விப்ரியோ பேதி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வரும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்துக்கொண்டே இருங்கள், குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைச்சுற்றல், தோலில் கொப்புளம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு. "பச்சைச் சிப்பி சாப்பிட்டேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், சிகிச்சை சீக்கிரம் தொடங்க அது உதவும். சீட்டில் எழுதியிருந்த இடத்தையும் தேதியையும் வாங்கும்போதே போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஓடுகளை என்ன செய்வது?

பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். நன்றாகக் கழுவிக் காயவைத்து, பொடித்துத் தோட்டத்து மண்ணில் சேர்க்கலாம், அமிலத் தன்மை அதிகமுள்ள மண்ணுக்கு நல்லது. சிப்பித் திட்டுகளைக் கடலில் மீட்டெடுப்பதற்காக ஓடு சேகரிக்கும் அமைப்புகள் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள், குஞ்சுச் சிப்பிகள் பழைய ஓட்டில்தான் விரும்பி ஒட்டி வளரும். அதற்காக நீங்களே கொண்டுபோய்க் கடலில் வீசாதீர்கள். வேறு கடலிலிருந்து வந்த சிப்பி என்றால் அதன் நோய்களும் கூடவே போகும், அந்த அமைப்புகள் ஓட்டை மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்த பிறகே நீரில் இறக்குகின்றன.